மறு: விபத்தால் வரும் உதரவிதான ஹெர்னியாவுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

விபத்தில் உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை) கிழிந்து, வயிற்று உறுப்புகள் நெஞ்சுக்குள் ஏறிவிடுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உதரவிதானக் குடலிறக்கம், உதரவிதானப் பிதுக்கம், குடலேற்றம். நான் பொது அறுவை மருத்துவத்தில் இருப்பவன். இந்தச் சொல் எனக்குத் தினமும் தேவைப்படாது. தேவைப்படுகிற அன்றைக்கு, வீட்டாரிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

> குடலிறக்கம் எல்லாருக்கும் தெரிந்த சொல். முன்னால் ‘உதரவிதான’ என்று சேர்த்தால் போதாதா?

போதவில்லை ஐயா. பைக்கிலிருந்து விழுந்து இடப்பக்க விலா எலும்புகள் முறிந்த ஓர் இளைஞர், எலும்பு கூடியதும் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து எங்களிடம் வந்தார். சாப்பிட்டால் நெஞ்சை அடைக்கிறது, வாந்தி வருகிறது என்றார். மார்பு எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் கீழ்ப்பாதி இருக்க வேண்டிய இடத்தில் பெரிய காற்றுக் குமிழி ஒன்று தெரிந்தது. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் குழாயை விட்டு மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். குழாய் நேராகக் கீழே இறங்கி, அங்கிருந்து மேலே திரும்பி, இதயத்தின் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. இரைப்பை நெஞ்சுக்குள் இருந்தது. அவருடைய அம்மாவிடம் படத்தைக் காட்டி, “குடலிறக்கம்மா” என்றேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “இறக்கம்னா கீழதானே சார் இருக்கணும்? நீங்க நெஞ்சைக் காட்டுறீங்களே?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சொல் திசையையே தப்பாகக் காட்டுகிறது. வயிற்றுக்குள் அழுத்தம் கூடுதல், நெஞ்சுக்கூட்டுக்குள் குறைவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தசைத்திரையில் ஓட்டை விழுந்தால், இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் வயிற்றில் இருப்பதை மேலே உறிஞ்சும். அதனால்தான் அந்தக் கிழிசல் தானாக மூடிக்கொள்வது அரிது. ஏறுவது குடல் மட்டும் என்றும் இல்லை. இரைப்பை, பெருங்குடல், மண்ணீரல், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை எல்லாம் ஏறும். வலப்பக்கம் கல்லீரல் முட்டுக் கொடுப்பதால் அங்கே குறைவு, இடப்பக்கமே அதிகம்.

பிதுக்கம் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. தொப்புளிலோ தொடை இடுக்கிலோ வரும் ஹெர்னியாவில் வயிற்றின் உள்ளுறை கிழியாமல் ஒரு பையாகப் பிதுங்கி வருகிறது. அங்கே பிதுக்கம் அழகான சொல், அப்படியே இருக்கட்டும். விபத்தில் பை கிடையாது, உறையும் சேர்ந்தே கிழிந்துவிடுகிறது. இது வெறும் சொல் நுணுக்கமும் அல்ல. பை இல்லாததால் நாள்பட்ட நோயாளிகளிடம் ஏறிய உறுப்புகள் நுரையீரலோடும் நெஞ்சுச் சுவரோடும் நேரடியாக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை வயிற்றுப் பக்கமிருந்து இழுத்தால் கிழியும். மார்பைத் திறந்து ஒட்டலைப் பொறுமையாகப் பிரிக்க வேண்டி வருவது இதனால்தான்.

> அப்படியானால் குடலேற்றம்? பேச்சுவழக்கில் ஏற்கெனவே இருக்கிறதே!

இருப்பதுதான் தொல்லை அம்மா. குழந்தை பால் கக்கினால், பேதியானால், ‘குடலேறிடுச்சு’ என்று வயிற்றில் எண்ணெய் தடவித் தட்டிவிடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் குடலேற்றம் என்று நாமே எழுதிக் கொடுத்தால் நோயாளியும் அங்கேதான் போவார். நெஞ்சுக்குள் முறுக்கிக் கிடக்கும் இரைப்பையை அமுக்கித் தட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு இரண்டு சொற்கள்.

திரை கிழிந்திருப்பது உதரவிதானக் கிழிவு. அந்தக் கிழிவு வழியாக உறுப்புகள் மேலே போயிருப்பது உதரவிதானக் கிழிவேற்றம்.

ஏன் இரண்டு என்றால், இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே 1579-இல் எழுதிவைத்தது இதற்குப் பழைய சாட்சி. குண்டடிபட்டுப் பிழைத்த ஒரு பீரங்கிப் படைத் தலைவர் எட்டு மாதம் கழித்து வயிற்றுவலியில் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவே இருந்த துளையில் பெருங்குடல் சிக்கி நெரிபட்டிருந்தது. கத்திக்குத்திலும் அப்படித்தான். பெரிய மோதலில் திரை நீளமாகக் கிழிகிறது. குத்தில் ஓட்டை சிறிது, முதல் நாள் சி.டி. ஸ்கேனில்கூடத் தப்பிவிடலாம். அதனால்தான் இடப்பக்கம் கீழ்மார்பில் குத்துப்பட்டவருக்கு, வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும், வயிற்றுக்குள் பார்க்கும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப்பை விட்டுத் திரையைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அன்று இருப்பது கிழிவு மட்டும். ஏற்றம் பல வருஷம் கழித்தும் வரலாம். ‘கிழிவு’ என்று சீட்டில் எழுதியிருந்தால் அடுத்து பார்க்கிற மருத்துவர் எச்சரிக்கையாக இருப்பார். இல்லாவிட்டால் எக்ஸ்ரேயில் தெரியும் இரைப்பைக் காற்றை நுரையீரலைச் சுற்றிய காற்று என்று நினைத்து மார்பில் குழாய் செருகி, இரைப்பையைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு.

கிழிவு என்றால் அளக்கவும் முடிகிறது. 2 செ.மீ. வரை, 2 முதல் 10 வரை, 10-க்கு மேல் என்று காயத்தின் தரத்தைப் பிரிப்பதே பெரும்பாலும் நீளத்தை வைத்துத்தான். பழுதுபார்ப்பதும் அதே சொல்லோடு பொருந்துகிறது. புதுக் காயமென்றால் வயிற்றைத் திறந்து, ஏறியதை இறக்கி, மண்ணீரல், குடல் காயங்களைப் பார்த்து, கிழிவைக் கரையாத நூலால் தைக்கிறோம். ஓரங்கள் சேராத அளவுக்குத் தசை போயிருந்தால் வலை வைக்கிறோம். ‘கிழிவைத் தைக்கணும்மா’ என்றால் யாருக்கும் விளங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய ஆசிரியர், இலங்கைப் பாடநூல்களில் உதரவிதானம் இல்லை, பிரிமென்றகடுதான் என்று நினைவூட்டினார். பிரிக்கிற மெல்லிய தகடு. கட்டமைப்பில் நம்முடையதைவிடத் துல்லியமான சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே ‘பிரிமென்றகட்டுக் கிழிவேற்றம்’ என்று எழுதலாம், பின்பாதி மாறாது.

கிழிவேற்றம் குருதியேற்றம் போல, ஏதோ நாம் ஏற்றுவதுபோல ஒலிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். நியாயமான ஐயம். ஆனால் விலையேற்றம் என்கிறோம். அது ஏறுவதைத்தான் சொல்கிறது. காதுக்குப் பழகிவிடும் என்று நம்புகிறேன். பிறவியிலேயே திரையில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே எதுவும் கிழியவில்லை. அதற்கு ‘பிறவித் துளையேற்றம்’ சரிவருமா என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லுங்கள்.

அடுத்த நோயாளிக்கு எழுதக் கீழ்க்கண்ட வரியை வைத்திருக்கிறேன். எந்தச் சொல் இடறுகிறதோ, தயங்காமல் திருத்தி அனுப்புங்கள்:

“விபத்துக் காயத்தால் இடப்பக்க உதரவிதானக் கிழிவேற்றம். இரைப்பையும் பெருங்குடலும் வயிற்றுக்குள் இறக்கப்பட்டு, 8 செ.மீ. கிழிவு தைக்கப்பட்டது. எப்போது மார்பு எக்ஸ்ரே எடுத்தாலும் இந்தச் சீட்டைக் காட்டவும்.”