பூடான் பயணம்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் நான், வயதான தாயாருடன் பூடான் செல்ல எண்ணியுள்ளேன். பாஸ்போர்ட் இல்லாத அவருக்கு அனுமதி கிடைக்குமா?

பதில் 1: கிடைக்கும் ஐயா, வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆயினும் வயது வந்த இந்தியர் ஒவ்வொருவரும் இரவொன்றுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால், நாட்களைக் கணக்கிட்டே திட்டமிடுங்கள். அவர்களுடைய நாணயமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் சம மதிப்புடையவை.

பதில் 2: பாலக்காடு வழியே செல்லும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறி நியூ ஜல்பைகுரியில் இறங்கி, சாலை வழியாக எல்லை ஊரான ஜெய்காவ் சென்றால், வாயிலுக்கு அப்பால் பூடானின் புன்ட்ஷோலிங் நகரம். பாரோ பள்ளத்தாக்கில் 1692இல் செங்குத்துப் பாறையில் கட்டப்பட்ட தக்த்சாங் மடத்துக்கு ஏறுவது முதியவர்களுக்குக் கடினம். அம்மா பாதி வழிச் சிற்றுண்டிச்சாலையிலிருந்தே கண்டு தொழலாம்.

கேட்டவர்: நன்றி. உணவு எப்படி?

பதில் 1: மிளகாயை அங்கே காய்கறியாகவே சமைக்கிறார்கள். மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த எமா தட்சியின் முன் நம் ஊர்க் காரம் சாதுதான்.