வடைக் கணக்கில் மைனஸ் 17.20: பள்ளியின் புதுமாதிரிப் பாடம் உங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லுங்கள்

பிறை வடைக்கடை

இரண்டு வாரமாக இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்காவது கொட்டிவிடலாம் என்று எழுதுகிறேன்.

மகள் இங்கே மலேசியாவில் ஐந்தாம் ஆண்டு, தமிழ்ப்பள்ளி. பள்ளியில் விற்பனை நாள் வந்தது. வழக்கமாக நாம்தான் வீட்டில் செய்து தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்போம், பிள்ளைகள் நின்று விற்கும், அவ்வளவுதான். இந்த முறை டீச்சர் ஐந்து பேரை ஒரு குழுவாக்கி, என்ன விற்பது, முதல் எவ்வளவு, விலை என்ன, எல்லாவற்றையும் நீங்களே மாஜோங் தாளில் (பெரிய வெள்ளைத் தாள்) எழுதி வகுப்பில் விளக்குங்கள், விளக்கினால்தான் கடை என்று சொல்லிவிட்டார்.

மகள் பழகிப் பார்க்க என் கடையை எடுத்துக்கொண்டாள். நான் சாயங்காலத்தில் சாலையோரம் மசால் வடை போடுகிறேன். ஒரு நாளைக்கு 200 வடை, ஒன்று 80 காசு, ஆக 160 வெள்ளி. பருப்பு, வெங்காயம், எண்ணெய், கேஸ், பை எல்லாம் சேர்த்து 90. மிச்சம் 70. அழகாக எழுதினாள், நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டாள்: "அப்பா, உங்க சம்பளத்தை எந்த வரியில எழுதுறது?"

"அந்த எழுபதுதாம்மா சம்பளம்."

"இல்லப்பா. உழைப்பும் செலவுதான், தனியா எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க."

குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு என்று வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். 2025 பிப்ரவரியில் ஏறியதே, அதுதான். எனக்கு 7 மணி நேரம், 61.04. மிச்சம் 8.96. சரி, அதுவாவது நிற்கிறதே என்று நினைத்தேன். அவள் மார்க்கரை மூடவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க ஊறவெச்சு, அரைச்சு, உருட்டி எத்தனை மணி நேரம்?" என்றாள். மூன்று மணி நேரம். 26.16. சிவப்பு மார்க்கரில் மைனஸ் 17.20 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

நான் சத்தம் போட்டுவிட்டேன். "போய் வீட்டுப்பாடத்தைப் பாரு!"

"இதுதாம்பா வீட்டுப்பாடம்."

மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் கரண்டியோடு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. 15 வருடமாகக் கடை போடுகிறேன், அவள் நேரத்தை ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்ததா?

செந்தூல் டீச்சர்

அண்ணா, நான் பாடம் நடத்துகிறவள். என் கதை கொஞ்சம் கசப்பு.

ஜிக்சா முறை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பாடத்தை நான்காக வெட்டிக் குழுவில் ஆளுக்கொரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் தனியாகக் கூடிப் படித்துவிட்டு, அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். ஒருவன் சொல்லாவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் அந்தப் பகுதி கிடைக்காது. அதனால் படிப்பில் பின்தங்கிய பிள்ளையை யாரும் ஒதுக்க முடியாது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் வெவ்வேறு இனப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது பள்ளிகளில் ஒரே சண்டை. அதைத் தணிக்க எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்த முறை இது. பயிற்சியில் இதைக் கேட்டுவிட்டு, மறுநாளே செய்து பார்க்க வேண்டும் என்று துடித்தேன்.

செய்த அன்று வகுப்பைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். திரையில் கடிகாரம் ஓடுகிறது, ஆளுக்கு 3 நிமிடம். வாசிக்கத் தடுமாறுகிற ஒரு பையனுக்குக் கிடைத்தது ஆவியாதல். "ஆ... ஆவி..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். பக்கத்தில் இருந்தவள் தாளைப் பிடுங்கவில்லை. "துணி காயுமே, அதுவா?" என்று கேட்டாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஆமா, எங்க வீட்டு மாடியில..." என்றான்.

கடிகாரம் அடித்தது. நான் தாளம் தட்டினேன், வகுப்பே பதில் தாளம் தட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தது. அவன் மட்டும் அந்த வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

எனக்கு அன்று நல்ல பெயர். மாடியில் என்ன என்று நான் அவனைக் கேட்கவே இல்லை.

கெரிஞ்சி மாமா

எல்லாம் சரி, ஆனால் இதைப் புதுசு என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் காலத்தில் 'கெமாஹிரான் ஹிடுப்', அதாவது வாழ்க்கைத் திறன் என்று ஒரு பாடம் இருந்தது. ரம்பம் பிடித்தோம், பட்டன் தைத்தோம், கீரை விதைத்தோம். இடைநிலைப்பள்ளியில் அதை எடுத்துவிட்டு 2017-இலிருந்து 'ஆர்பிடி' என்று வைத்திருக்கிறார்கள். வடிவமைப்பும் தொழில்நுட்பமுமாம்.

மூன்று கால் பிளக் மாட்டச் சொன்னார் செக்கு, அதாவது எங்கள் வாத்தியார். நீலம் இடது, பிரவுன் வலது, பச்சை மஞ்சள் மேலே. மாட்டி முடித்ததும் ஒவ்வொருவரிடமும் வந்து வயரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார். என்னுடையது கையோடு வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. மூன்று தடவை கழற்றி மாட்டினேன். நாலாவது தடவை இழுத்தார், வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த பையனிடம் போய்விட்டார். என் வாழ்க்கையில் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான்.

போன மாதம் அக்கா மகன் வீட்டில் கெட்டில் பிளக் உருகி நாற்றம். பையன் பட்டதாரி, பள்ளியில் ரோபோ போட்டி மெடல் எல்லாம் வாங்கியவன். போனை எடுத்து வீடியோ தேடுகிறான்! ஸ்குரூ டிரைவர் கொண்டு வா என்றேன். வீட்டில் இல்லையாம். மேசை மேலே 3டி பிரிண்டர் இருக்கிறது.

வடைக்கடைத் தம்பி, உன் மகள் போட்டது கூட்டல் கழித்தல்தான். அதற்கு மாஜோங் தாள் எதற்கு? சிலேட்டு போதாதா?

கெப்போங் அம்மா

மாமா, கூட்டல் கழித்தல் எல்லாருக்கும் தெரியும். எதைக் கழிப்பது என்று அந்தப் பெண்ணுக்குத்தானே தோன்றியது?

என் கதை 2020. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, அதற்கப்புறம். மூன்று பிள்ளை, வீட்டில் ஒரே போன். பெரியவன் அப்போது நாலாம் ஆண்டு. ரொட்டி சானாயை வெட்டி, பின்னத்தை விளக்கி, வீடியோ எடுத்து அனுப்பு என்று டீச்சர் சொன்னார். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். வாயே திறக்காத பிள்ளை, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினான். பத்துத் தடவை எடுத்தான், திருப்தி இல்லை. பதினோராவது தடவை போனில் இடம் இல்லை என்று வந்துவிட்டது.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவனே பெரிய ஃபைலாகப் பார்த்து அழித்திருக்கிறான். அதில் ஒன்று என் அப்பா டுரியான் பிளந்துகொண்டே யாரையோ திட்டுகிற நாலு நிமிட வீடியோ. அப்பா போய் அப்போது ஒரு வருடம். குப்பைத்தொட்டியிலும் இடம் அடைக்கிறது என்று அதையும் காலி செய்துவிட்டான்.

வீடியோவுக்கு டீச்சர், "மிகச் சிறப்பு, தன்னம்பிக்கையான பேச்சு" என்று எழுதி அனுப்பினார். அதை என்னிடம் காட்ட ஓடி வந்தான். நான் தாத்தா வீடியோவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது படிவம் மூன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எல்லார் போனையும் வாங்கி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைக்கிறான். யாரும் சொல்லவில்லை. நானும் ஏன் என்று கேட்பதில்லை.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்

ஃபேக்டரியில் என் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண், முதல் ராத்திரி ஷிப்டிலேயே மெஷினை நிறுத்திவிட்டாள். அலாரம் எதுவும் இல்லை, "சத்தம் மாறியிருக்கு அண்ணே" என்றாள். எல்லார் முன்னாலும் திட்டினேன். திறந்து பார்த்தால் பேரிங் போயிருந்தது. பள்ளியில் ரோபோ குழுவில் இருந்தாளாம், மோட்டார் சத்தம் காதுக்குப் பழக்கமாம். இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அது போகட்டும். வடைக்கடை அண்ணே, நான் சொல்வதைக் கேளுங்கள். உடனே ஒரு வெள்ளி ஆக்குங்கள். 200 வடை விற்றால் இரண்டு பேர் கூலியும் போக 22.80 நிற்கும். பயந்து 20 பேர் வாங்காமல் போனாலும், 180 வடைக்குச் சரக்குச் செலவு 81, கூலி 87.20, அப்பவும் 11.80 கையில். இரண்டாவது, மாவை நிறுத்துப் போடுங்கள். கை அளவு நம்பாதீர்கள், சாயங்காலம் ஆக ஆக உருண்டை பெரிதாகும், எங்கள் ஃபேக்டரியில் இதையேதான் வேறு பெயரில் வாரா வாரம் சொல்லித்தருகிறார்கள். மூன்றாவது, கியூஆர் வையுங்கள், சில்லறை தேடுகிற நேரமும் உங்கள் மணிக்கூலிதான். நாலாவது, ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு ஃபேக்டரி வாசலில் நில்லுங்கள். பசியோடு வெளியே வருகிறவன் விலை கேட்க மாட்டான்.

பிள்ளைகளை வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. மாதம் நூற்றுக்கணக்கில் கட்டி ரோபோ வகுப்பில் சேர்க்கும் முன் மைக்ரோபிட் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பலகை, 25 குட்டி விளக்கு, இரண்டு பட்டன். 2016-இல் பிரிட்டனில் பிபிசி ஏறக்குறைய 10 லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பலகை வாங்காமலே கணினியில் மேக்கோட் தளத்தில் எழுதி ஓட விட்டுப் பார்க்கலாம், காசு வேண்டாம். பினாங்குத் தீவுப் பக்கம் வந்தால் கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் என்ற அறிவியல் கூடம் இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப் போங்கள். ஆனால் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு வெளியே உட்காராதீர்கள், கூடவே போங்கள்.

பிறை வடைக்கடை

அண்ணே, நான் வடை விலை கேட்கவே இல்லை. (மாவை நிறுப்பது நல்ல யோசனை.)

சுங்கை டுவா அப்பா

டீச்சர், தாளம் தட்டுவது எல்லாம் இருக்கட்டும். ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் போச்சு, படிவம் மூன்று பிடி3 தேர்வு அடுத்த வருடம் போச்சு. இப்போது ரிப்போர்ட் கார்டில் அடைவுநிலை 4 என்று வருகிறது. ஆறில் நாலு. அதை வைத்து நான் என்ன செய்ய? எங்கள் காலத்தில் 62 என்றால் 62, அடி வாங்கிக்கொண்டு போய்விடுவோம், கணக்கு முடிந்தது.

பெற்றோர் சந்திப்பில் இதைக் கேட்டுக் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அந்த டீச்சர் பதில் சொல்லாமல் மகனின் கோப்பைத் திறந்து ஒரு தாளை நகர்த்தினார். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதி) சாக்கடை அடைத்துக் கிடப்பதைப் பற்றி குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவன் எழுதிய கடிதம். தண்ணீருக்குள் அடிக்கோலை நிறுத்திப் படம் எடுத்து ஒட்டியிருக்கிறான், 23 சென்டிமீட்டர். "வெள்ளிக்கிழமை மழையில் எங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் இங்கே சறுக்கியது" என்று ஒரு வரி. நான் விழுந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கிருந்து பார்த்தான் என்று தெரியவில்லை.

இதற்கும் நாலுதானா என்று கேட்டேன். வலிமிகும், வலிமிகா இடங்களில் பிழையாம்.

செந்தூல் டீச்சர்

ஒற்றுப்பிழைக்கு நானும் குறைத்துத்தான் போட்டிருப்பேன் சார். ஆனால் 62 என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்களா?

மாமாவுக்கு: உங்கள் செக்கு செய்ததைத்தான் நான் செய்யத் தவறினேன். நாலாவது தடவைவரை அவர் உங்களுக்கு நேரம் கொடுத்தார். நான் 3 நிமிடம்தான் கொடுத்தேன். இப்போதெல்லாம் ஜிக்சா செய்தால் கடிகாரத்தைத் திரையில் போடுவதில்லை, பாடம் முடியாமல் மணி அடித்தாலும் சரி, மறுநாள் தொடரட்டும். இதற்காக ஒரு தடவை பேச்சும் வாங்கியாகிவிட்டது.

கெரிஞ்சி மாமா

பேச்சு வாங்கினால் பரவாயில்லை டீச்சர். அந்தப் பையன் வீட்டு மாடியில் என்ன இருந்ததாம்? இனிமேலாவது கேட்டுச் சொல்லுங்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா மகனுக்கு ஸ்குரூ டிரைவர் செட் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதைத் தொங்கவிட பிரிண்டரில் ஒரு தாங்கி செய்து வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது.

பிறை வடைக்கடை

எல்லாருக்கும் நன்றி. விலை இன்னும் 80 காசுதான், எப்போதும் வருகிற முகங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. விற்பனை நாளில் மகள் குழு வடையைத் தொடவே இல்லை, சிரப் தண்ணீர் விற்றார்கள். வேலை குறைவு, லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டு எடுத்த முடிவாம்.

அந்த மாஜோங் தாளை மனைவி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், எடுக்கவும் விடமாட்டேன் என்கிறாள். நேற்றுத் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், அடியில் பென்சிலில் ஒரு வரி கூடியிருக்கிறது. "மகள், வெங்காயம் உரித்தது, 1 மணி நேரம், 8.72." பழைய எண்ணை அடித்துவிட்டு மைனஸ் 25.92 என்று போட்டிருக்கிறாள்.