பாதி வாசித்தவர்களுக்கும் இடம் வேண்டும்: இணைய வாசகர் வட்ட அனுபவங்கள்

வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்

இணையவழியாக இயங்கும் வாசகர் வட்டம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். தொடக்கத்தில் ஒரு நூலை அறிவித்தால் அன்றிரவே உரையாடல் தொடங்கிவிடும். காலப்போக்கில் கருத்துகள் குறைந்து, அறிவிப்புக்குக் கட்டைவிரல் குறிகள் மட்டுமே விழும் நிலை வந்தது. இத்தகைய நேரத்தில் உறுப்பினர்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவுக்கு வருமுன், ஒதுங்கியவர்களிடம் தனித்தனியாகப் பேச விரும்பினேன். அவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நூலை இன்னும் முடிக்கவில்லை, முடித்தபின் பேசலாம் என்று இருந்தேன்."

அவர்களில் ஒருவரோடு நடந்த உரையாடல் எனக்கு மிகவும் பயன்பட்டது. பல மாதங்களுக்கு முன் எடுத்துக்கொண்ட ஒரு பெரிய நாவலின் நடுவிலேயே அவர் நின்றிருந்தார். அதை முடிக்காமல் அடுத்த நூலைத் தொடுவது முறையல்ல என்று கருதியதால், பின்னர் வந்த எல்லா நூல்களின்போதும் அவர் வாய் திறக்கவில்லை. இவரை ஆர்வமற்றவர் என்று எப்படிச் சொல்வது? வட்டத்தின் மீது மிகுந்த மதிப்பு வைத்திருந்ததால்தான் அவர் விலகியே நின்றார். முழுவதும் வாசித்தவர்களுக்கு மட்டுமே பேசும் உரிமை உண்டு என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை என்றாலும், எங்கள் உரையாடல்களின் போக்கு அவருக்கு அப்படித்தான் உணர்த்தியிருக்கிறது.

அதன்பின் ஒவ்வொரு நூலையும் நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி இழை, அதாவது தனி உரையாடல் தொடர். முதல் பகுதிக்கான இழையில் அதற்கு மேற்பட்ட கதையை யாரும் பேசக் கூடாது. அந்த இழைகள் மூடப்படுவதே இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்து முதல் அத்தியாயத்தைப் பற்றி ஒருவர் எழுதினாலும், அதற்கு ஓரிருவராவது மறுமொழி சொல்ல வேண்டும் என்று பொறுப்பேற்றிருக்கிறோம். ஒரு நூல் பிடிக்காமல் பாதியில் விட்டவர், எந்த இடத்தில், ஏன் விட்டார் என்பதை எழுதவும் தனி இழை வைத்தோம். நான் எதிர்பார்த்ததைவிட ஆழமான விமர்சனங்கள் அங்கிருந்துதான் வந்தன.

எல்லோரும் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இணையக் குழுக்களைப் பற்றி 2006ஆம் ஆண்டு இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் எழுதிய கட்டுரை நன்கு அறியப்பட்டது: பெரும்பாலான குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாசிப்பதோடு நின்றுவிடுவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவரே பெரும்பகுதியை எழுதுவார் என்பது அதன் சாரம். இதைத் தோராயமான கணக்காகத்தான் கொள்ள வேண்டும். ஆனாலும் மௌன வாசகர்கள் எங்கும் பெரும்பான்மையினர் என்பதை அறிந்திருந்தால், நடத்துபவர் தேவையின்றி மனம் தளர மாட்டார்.

நெடுநாள் மௌனமாக இருந்த வாசகி

மேலே ஒருங்கிணைப்பாளர் எழுதியிருப்பதை மறுபக்கத்திலிருந்து என்னால் உறுதிசெய்ய முடியும். வீட்டு வேலைகளெல்லாம் முடிந்து நான் குழுவைத் திறக்கும்போது, அன்றைய விவாதம் ஏற்கெனவே முடிந்திருக்கும். நான் சொல்ல நினைத்ததை யாரோ ஒருவர் என்னைவிட அழகாக, நீளமாக எழுதியிருப்பார். அதற்கு மேல் "எனக்கும் அப்படித்தான் தோன்றியது" என்று ஒரு வரி எழுதுவது பொருளற்றதாகத் தோன்றும். இப்படிச் சில வாரங்கள் போனால், பேசாமல் இருப்பதே பழகிவிடுகிறது. நெடுநாள் கழித்துத் திடீரென்று பேசுவதற்குக் கூச்சமும் வந்துவிடுகிறது.

எங்கள் குழுவை நடத்தும் அக்கா ஒருநாள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். ஏன் வருவதில்லை என்று அவர் கேட்கவில்லை. அப்போது வாசித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு மாமியார் பாத்திரத்தைக் குறிப்பிட்டு, "இந்த அம்மாள் மகனிடம் பேசாமல் இருப்பது கோபத்தாலா, பயத்தாலா? எனக்கு விளங்கவில்லை, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று மட்டும் கேட்டிருந்தார். தட்டச்சுச் செய்ய நேரமில்லாததால் குரல்பதிவாகப் பதில் அனுப்பினேன். என் அனுமதியைப் பெற்று அதைக் குழுவில் பகிர்ந்தார். அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை நிற்கவில்லை.

இதில் இரண்டு செய்திகள் இருப்பதாகக் கருதுகிறேன். "உங்களைக் காணவில்லையே" என்னும் விசாரிப்பு எவ்வளவு அன்பாகச் சொல்லப்பட்டாலும் கணக்குக் கேட்பதுபோல் காதில் விழும். நூலைப் பற்றிய ஒரு கேள்வி அப்படி விழாது. அடுத்தது, எழுதத் தயங்குபவர்களில் பலர் பேசத் தயங்குவதில்லை. நீளமான கட்டுரை போன்ற கருத்துகள் மட்டுமே மதிக்கப்படும் குழுவில் குரல்பதிவுக்கும் ஒரு வரிக் குறிப்புக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும். நடத்துபவரே அவ்வப்போது ஒரு வரியில் எழுதிக் காட்டினால் மற்றவர்களுக்குத் துணிவு வரும்.

பெரிய குழு ஒன்றின் நெறியாளர்

எங்கள் குழுவில் உறுப்பினர்கள் பெருகப் பெருகப் பேச்சு குறைந்தது. இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கயிறு இழுக்கும் சோதனைகளின் முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்துகொண்டே வந்ததை அவர் பதிவுசெய்தார். பின்னர் 1979இல் உளவியலாளர் பிப் லட்டானேயும் அவருடைய சகாக்களும் கைதட்டுவது, கூவுவது ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனைகளிலும், பலர் சேர்ந்து செய்யும்போது ஒருவரின் தனி முயற்சி குறைவதைக் கண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுவில் ஒரு கேள்வி விழும்போது, வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணுவது இயல்பே.

ஆகவே விருப்பமுள்ளவர்களை ஐந்தாறு பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரித்தோம். எந்த வகை நூல் பிடிக்கும் என்பதைப் பார்க்காமல், வாரத்துக்கு எத்தனை பக்கம் வாசிக்க இயலும் என்பதை மட்டும் கேட்டுப் பிரித்தது நல்ல பலன் தந்தது. மெதுவாக வாசிப்பவர்கள் ஒன்றாக இருக்கும்போது யாரும் பின்தங்கியவராக உணர்வதில்லை. ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் மற்ற நால்வருக்கும் அது தெரியும், அவர்களே விசாரிக்கிறார்கள். சில அணிகள் ஓய்ந்துபோகவும் செய்தன. அவற்றில் எஞ்சியவர்களை அவர்களுடைய ஒப்புதலோடு வேறு அணியில் சேர்த்தோம்.

நூல் தேர்வைக் கவனிப்பவர்

நூல்களை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வசதி வந்த பிறகு எங்கள் குழுவில் வாக்களிப்பவர்கள் நிறைய, வாசிப்பவர்கள் குறைவு என்ற நிலை உண்டானது. பொத்தானை அழுத்துவதற்கும் நூலை எடுத்து உட்காருவதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. இப்போது ஒரு நூலை முன்மொழிபவர், அது ஏன் நம் எல்லோருக்கும் ஏற்றது என்று ஒரு பத்தி எழுத வேண்டும், முதல் வாரத்துக்கான கேள்வியையும் அவரே கேட்க வேண்டும். முன்மொழிவுகள் குறைந்துவிட்டன, தேர்வாகும் நூல்களோ உண்மையாகவே வாசிக்கப்படுகின்றன. நூல் அச்சில் இருக்கிறதா, மின்னூலாகவோ ஒலிநூலாகவோ முறையாகக் கிடைக்கிறதா என்பதையும் அறிவிப்புக்கு முன்பே பார்த்துவிடுகிறோம். கிடைக்காத நூலைப் பற்றி யாரும் பேச முடியாது. தொடர்ந்து இரண்டு பெரிய நூல்களை எடுப்பதையும் தவிர்க்கிறோம், ஒரு நாவலுக்குப் பின் ஒரு சிறுகதை என்று வைத்தால், விட்டுப்போனவர்கள் மீண்டும் சேர்ந்துகொள்ள ஒரு வழி கிடைக்கிறது.

வாசிப்பு நேரம் நடத்துபவர்

வாசிக்கவே நேரமில்லை என்பதுதான் சிக்கல் என்றால், வாசிப்பதற்கான நேரத்தையே குழு தரலாம். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட மௌன வாசிப்புக் குழுக்களில் பொதுவான நூல் எதுவும் கிடையாது. அவரவர் நூலைக் கொண்டுவந்து, ஒரே இடத்தில் அமர்ந்து மௌனமாக வாசிப்பார்கள். அதை ஒட்டி நாங்கள் வாரம் ஒருமுறை ஜூமில் கூடுகிறோம். கட்டணமில்லாத கணக்கில் குழுச் சந்திப்பு நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது எங்களுக்கு வசதியாகவே அமைந்தது: முப்பது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் பேச்சு. வாசித்ததில் ஒரு பத்தியைக் குரலெடுத்துப் படிப்பது மட்டுமே அந்தப் பத்து நிமிடத்தின் வேலை. முன்தயாரிப்பு எதுவும் தேவைப்படாத சந்திப்பு என்பதால், வேறு எந்தக் கூடுகைக்கும் வராதவர்கள் இதற்கு வருகிறார்கள்.

வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்

அனைவருக்கும் நன்றி. கேள்விகளைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். சிகாகோவில் 1947இல் நிறுவப்பட்ட கிரேட் புக்ஸ் அறக்கட்டளை வளர்த்த உரையாடல் முறையில், நெறியாளர் தமக்கே உறுதியான விடை தெரியாத கேள்விகளைக் கேட்க வேண்டும். இது கடினமானது என்றாலும் மிகச் சரியானது என்பது என் எண்ணம். "நூல் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு "நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் பதில் வராது. விடையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் தேர்வு எழுதுவதுபோல் ஆகிவிடும். மேலே அந்த அக்கா அனுப்பிய கேள்வி எவ்வளவு சிறந்தது என்று பாருங்கள்: நூலின் பாதியில் இருப்பவராலும் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது.

நெறியாளரிடம் ஒரு ஐயம். வாசிக்கும் வேகத்தை வைத்துப் பிரித்த அணிகளில், பணிச்சுமையாலோ உடல்நலக் குறைவாலோ ஒருவருடைய வேகம் இடையில் மாறிவிட்டால் என்ன செய்தீர்கள்?

பெரிய குழு ஒன்றின் நெறியாளர்

அணியை மாற்றுமாறு நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. ஒவ்வொரு நூலின் முடிவிலும் எல்லா அணிகளையும் கலைத்துவிட்டு, அடுத்த நூலுக்கு எத்தனை பக்கம் இயலும் என்று எல்லோரிடமும் புதிதாகக் கேட்கிறோம். இந்தமுறை வாசிக்க இயலாது, ஆனால் குழுவில் இருக்க விரும்புகிறேன் என்பதும் அந்தப் பட்டியலில் ஒரு தெரிவு. அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் எந்த அணியின் உரையாடலையும் படிக்கலாம், விரும்பினால் பேசலாம். அவர்களில் பலர் அடுத்த நூலுக்குப் பக்கக் கணக்கோடு திரும்பி வருகிறார்கள்.