விஸ்டார் எலிக் கூண்டுக்குள் வெளிச்சம் அளப்பது எப்படி?

வணக்கம். எங்கள் விலங்குக் கூடத்தில் டியூப்லைட்டை எடுத்துவிட்டு எல்ஈடி மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து மேல்தட்டுக் கூண்டுகளில் இருக்கும் விஸ்டார் எலிகள் (ஆய்வுக்கூட வெள்ளை எலி வகை) பகலெல்லாம் தீவனத் தொட்டிக்கு அடியிலேயே பதுங்கிக் கிடக்கின்றன.

தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் சுமார் 325 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பார்கள். அறை நடுவில் மீட்டரைப் பிடித்தால் ஏறக்குறைய அதுதான் வருகிறது. மேல்தட்டுக் கூண்டுக்குள் வைத்தால் எகிறுகிறது, கீழ்த்தட்டில் ஒரே மங்கல். வெள்ளை எலிக்குக் கண்ணில் நிறமி கிடையாது, விழித்திரை கெட்டுவிடுமோ என்று கவலை.

லக்ஸ் என்பதே மனிதக் கண்ணுக்கான கணக்கு வேறு. எலியின் உடல் கடிகாரத்தைத் திருத்தும் மெலனாப்சின் என்ற விழித்திரைப் புரதம், 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் அதிகம் அசைந்து கொடுக்கும். சாதா லக்ஸ் மீட்டரை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கும் கையடக்க ஸ்பெக்ட்ரோமீட்டர் யாராவது வைத்திருக்கிறீர்களா? சென்சாரை மேல்நோக்கி வைப்பீர்களா, எலியின் கண் மட்டத்தில் பக்கவாட்டிலா?

மேல்தட்டுக்கு மறைப்புத் தகடு போட்டவர்கள் காற்றோட்டம் குறைந்ததா என்றும் சொல்லுங்கள். டிம்மர் போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன், விளக்கு சிமிட்டுமோ என்று எனக்குத் தயக்கம்.

அப்புறம், 12 மணி நேர இருட்டில் கதவிடுக்கு வழியாக வராந்தா வெளிச்சம் விழுகிறது. அதை எதை வைத்து அடைத்தீர்கள்?