ராமானுஜனை ஆளாக்கியது எந்த ஊர்? கும்பகோணமா, கேம்பிரிட்ஜா?

குடந்தைக்காரன்:
போன வாரம் ஊருக்குப் போனபோது சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வீட்டை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003-ல் வாங்கி நன்றாக வைத்திருக்கிறது. ஓட்டு வீடு, திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், அதை ஒட்டி ஒரு கட்டில். வெளியே வந்து நிமிர்ந்தால் கோபுரம். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் பையனிடம், “இங்கேயே இருந்திருந்தா யாருக்கும் தெரியாமப் போயிருப்பார், கேம்பிரிட்ஜ்தான் இவரை ஆளாக்குச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே திறக்கிறேன்.

பிறந்தது ஈரோடு, 1887. வளர்ந்தது முழுக்கக் கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. அந்தச் சம்பளம் போதாமல் அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். பையன் அந்த மாணவர்களிடம் கணக்குக் கேட்டுக் கேட்டு அவர்களுடைய சரக்கு தீர்ந்துபோயிற்று. அப்புறம் லோனியின் கோணவியல் புத்தகம், அதுவும் 13 வயதுக்குள் முடிந்தது. டவுன் ஹைஸ்கூலில் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை போடும் வேலையையே வாத்தியார் இவரிடம் விட்டார். 1903-ல் கார் என்பவர் தொகுத்த சூத்திரப் புத்தகம் கைக்கு வந்தது. சுமார் 5000 சூத்திரங்கள், நிறுவல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்தார். காகிதம் கட்டுப்படியாகாது, அதனால் சிலேட்டு. துடைக்கத் துணி தேடக்கூடப் பொறுமையில்லாமல் முழங்கையால் துடைத்துத் துடைத்து முழங்கை கறுத்துப் போனது. அந்தச் சிலேட்டுக்கு முன்னால் கேம்பிரிட்ஜ் எங்கே வந்தது?

முழுஎண்:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கதையைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வருஷம் என்ன ஆயிற்று? 1904-ல் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று பேர் வாங்கிய அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தோற்றதால் உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். பையனைக் காணோம் என்று பத்திரிகையில் செய்தி வரும் அளவுக்குப் போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய படிப்பு) தேர்வு கடைசிவரை கைகூடவில்லை. உங்கள் ஊர் ஒரு மேதையை வளர்த்தது சரி, அதே ஊர் அவரை வெளியே தள்ளியும் விட்டது.

கணக்குப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னது தவறு. ஒரு எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் என்பதற்கு அவர் தந்த சூத்திரம், தாம் நினைத்த அளவுக்குத் துல்லியமானது அல்ல. காரணம், பகா எண்களின் பரவலோடு பின்னிக்கிடக்கும் ரீமானின் சீட்டா சார்பு கலப்பெண்களில் (−1-ன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்கள்) எங்கே பூஜ்ஜியமாகிறது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவருக்குத் தெரியவே தெரியாது. சொல்லித்தர ஆள் இல்லை, கையில் இருந்ததோ பழைய புத்தகம். இந்தியாவில் அவர் கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்தது என்பது ஹார்டியே போட்ட கணக்கு. 20 வயதுப் பிள்ளை, இன்னொருவர் நூறு வருஷம் முன்பு வெட்டிய கிணற்றைத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பெருமைப்படுவதா, வயிறெரிவதா?

குடந்தைக்காரன்:
வயிறெரியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்த நோட்டுப் புத்தகங்களில் சுமார் 3000 முடிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கு முன்னால் எழுதியவை. அவற்றை ஒவ்வொன்றாக நிறுவிப் பார்க்க அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட்டுக்கு ஐந்து தொகுதிகள் வேண்டியிருந்தன, கடைசித் தொகுதி வந்தது 1998-ல். பழைய கிணறு இவ்வளவு ஆழமா?

பாரிமுனை:
இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு ஊர் இருந்ததை மறந்துவிட்டு. நான் துறைமுகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன், அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

1912 மார்ச் 1. மெட்ராஸ் துறைமுகக் கழகத்துக் கணக்குப் பிரிவில் ராமானுஜன் சேர்ந்த நாள். சம்பளம் 30 ரூபாய். அதற்கு முன் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர் அவர்தான். தாலுகா ஆபீசில் எழுத்தர் வேலை கேட்டுப் போன பையனின் நோட்டைப் புரட்டிவிட்டு, இங்கே போட்டால் இவன் திறமை செத்துப்போகும் என்று சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தன் கைக்காசு மாதம் 25 ரூபாய் கொடுத்தார். சும்மா உட்கார்ந்து வாங்கப் பிடிக்காமல்தான் ராமானுஜன் துறைமுக வேலைக்கு மனு போட்டார்.

அங்கே மேலதிகாரி நாராயண ஐயர். எம்.ஏ. படித்தவர், திருச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ராத்திரி திருவல்லிக்கேணியில் அவர் வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டோடு இரண்டு பேரும் உட்காருவார்கள். ராமானுஜன் இரண்டு வரியில் முடிப்பதை, நடுவில் பத்து வரி எழுதினால்தான் எனக்கே புரியும், மற்றவனுக்கு எப்படிப் புரியும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கேம்பிரிட்ஜில் ஹார்டி செய்ததாகச் சொல்கிறார்களே, அந்த வேலையைத் திருவல்லிக்கேணி மாடியில் ஒருவர் முன்னாடியே ஆரம்பித்துவிட்டார். துறைமுகத்தில் சரக்குக் கட்டி வந்த தாள் கிடைத்தால் ராமானுஜன் அதிலும் கணக்குப் போடுவார். ஹார்டிக்கு எழுதிய 1913 ஜனவரி 16-ம் தேதிக் கடிதம் தொடங்குவதே, துறைமுக அலுவலகத்தில் வருஷத்துக்கு 20 பவுண்டு வாங்கும் குமாஸ்தா நான் என்றுதான்.

முழுஎண்:
பாரிமுனை ஐயா, நல்ல செய்திகள். ஆனால் இதே மாதிரி கடிதம் அதற்கு முன் கேம்பிரிட்ஜில் இன்னும் இரண்டு பேருக்குப் போனது, பேக்கர், ஹாப்சன். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. ஆக ‘கேம்பிரிட்ஜ்’ என்று நான் சொல்வது அந்த ஊரின் கற்கட்டடங்களையோ புல்வெளியையோ அல்ல. படித்துப் பார்க்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் அங்கே இருந்ததைச் சொல்கிறேன்.

ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போன 1914-லிருந்து என்ன நடந்தது என்று பாருங்கள். எண் பிரிவினைச் சூத்திரம். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ? 3972999029388 விதமாக. மேக்மேகன் என்ற கணித அறிஞர் இதைக் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தில் சில உறுப்புகளைக் கூட்டினாலே விடை இதனோடு அப்படியே பொருந்தியது. இது தனியாகத் திண்ணையில் நடக்கிற காரியமில்லை. உள்ளுணர்வு ஒருவரிடம், கலப்பெண் பகுப்பாய்வு இன்னொருவரிடம்.

(ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729 என்று எல்லோரும் சொல்லும் கதையை யாரும் எடுக்கவேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.)

குடந்தைக்காரன்:
சூத்திரம் கொடுத்த அதே ஊர்தான் ஆளையும் கொன்றது. பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகாலனோபிஸ் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனால் மனிதர் ராத்திரியெல்லாம் குளிரில் நடுங்கியிருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கியிருக்கிறார். கட்டிலில் கம்பளி இல்லையா என்று இவர் பார்க்கிறார். எத்தனையோ கம்பளிகள் இருக்கின்றன, எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியபடி, மேலே ஒரு விரிப்போடு. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இவர் விரிப்புக்கு மேலேயே படுத்திருந்தார். அப்புறம் சைவச் சாப்பாடு, யுத்தகாலத்துத் தட்டுப்பாடு, தானே பொங்கித் தின்ற நாட்கள். 1917-ல் படுக்கையில் விழுந்தார். எலும்பும் தோலுமாக 1919-ல் திரும்பினார், 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் போய்ச் சேர்ந்தார். 32 வயது.

முழுஎண்:
கம்பளிக் கதையைப் படிக்கும்போது எனக்கும் தொண்டையை அடைக்கும். ஆனால் ‘கொன்றது’ என்பது பெரிய வார்த்தை. காசநோய் என்றுதான் அப்போது சிகிச்சை தந்தார்கள். 1994-ல் யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளையெல்லாம் வைத்துப் பார்த்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்றார். அமீபா எங்கிருந்து வந்திருக்கும்? 1906-ல் சென்னையில் கடும் வயிற்றுக்கடுப்பு வந்து ராமானுஜன் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். யங் சொல்வது சரியென்றால், நோயை அவர் இங்கிருந்தே உடம்பில் கொண்டுபோயிருக்கிறார்.

பாரிமுனை:
அடடா, தம்பி. இப்போது என் ஊரையா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

திருவல்லிக்கேணி மாமி:
இவ்வளவு நேரமாகப் படிக்கிறேன், ஜானகி பேரை ஒருத்தர் எடுக்கவில்லை. 1909-ல் கல்யாணம், அப்போது அவருக்குப் பத்து வயது. கப்பலேறும்போது ராமானுஜன் மனைவியையும் அம்மாவையும் முன்னாடியே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார், குடுமியை வெட்டிக்கொண்ட கோலத்தை அவர்கள் பார்க்கக்கூடாது என்று. அப்புறம் ஐந்து வருஷம் ஜானகி இங்கே, அவர் அங்கே. இவர் போட்ட கடிதம் அவர் கைக்கும், அவர் போட்டது இவர் கைக்கும் போகாமல் மாமியார் பார்த்துக்கொண்டார். கும்பகோணம், கும்பகோணம் என்று உருகுகிறவர்கள் அந்த வீட்டுக்குள் நடந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா?

ராமானுஜன் போனபிறகு ஜானகி பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டு, எங்கள் திருவல்லிக்கேணிக்கு வந்து தைத்தே பிழைத்தார். ஒரு பையனைத் தத்தெடுத்துப் படிக்கவைத்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று பத்திரிகைக்காரரிடம் கேட்ட பிறகுதான் வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் சேர்த்து 1980-களில் மார்பளவுச் சிலை செய்து அவர் கையில் கொடுத்தார்கள். 1994 வரை இருந்தார். ராமானுஜன் இருந்ததைப் போல மூன்று மடங்கு ஆயுசு.

குடந்தைக்காரன்:
மாமி, கோமளத்தம்மாள் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். அந்த வீட்டில் பையனுக்குக் கிடைத்த இடம் மருமகளுக்குக் கிடைக்கவில்லைதான்.

ஆனால் முழுஎண் அவர்களே, ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் கொடுமுடி, கும்பகோணம், சேத்துப்பட்டு என்று வீடு வீடாக மாற்றிப் படுக்கவைத்தார்கள். அந்தப் படுக்கையில்தான் போலித் தீட்டா சார்புகள் என்று அவர் பெயரிட்ட புதுவகைச் சார்புகள் பிறந்தன. 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் போன கடைசிக் கடிதம் அதுதான். அதை இன்றைக்குக் கருந்துளை பற்றி ஆராய்கிறவர்கள்கூடப் பயன்படுத்துகிறார்கள். ஜுரத்தில் சிலேட்டில் எழுதியதற்கு எந்தக் கேம்பிரிட்ஜ் காரணம்?

முழுஎண்:
சிலேட்டில் போட்டதைக் காகிதத்தில் எடுத்து எழுதினார், ஜானகி அதைப் பத்திரமாக வைத்திருந்தார், அது பல்கலைக்கழகம் வழியாக ஹார்டிக்குப் போனது. 1976-ல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அந்தக் காகிதக் கட்டை எந்த நூலகத்தில் கண்டெடுத்தார் தெரியுமா? கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை, மன்னிக்கவும்.

அது போகட்டும். கடைசி வருஷக் கணக்கு முழுக்க ராமானுஜனுடையதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. கேம்பிரிட்ஜ் இல்லாமலும் அது வந்திருக்குமா என்பதில்தான் சண்டை.

பாரிமுனை:
எனக்கு அதிலும் சண்டை இருக்கிறது. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிப்படி முதுகலைப் பட்டம் வேண்டும். இவரோ எஃப்.ஏ. தேறாதவர். விதியை வளைத்துக் கொடுத்தார்கள். இரண்டரை மடங்கு சம்பளம், ஆபீஸ் போகவேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தாய் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வயிற்றுக்கவலை இல்லாமல் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்ட முதல் வருஷம் அது, அதுவும் திருவல்லிக்கேணியில்.

இன்னொன்று. அந்தக் கணிதக் கழகத்து இதழில் 1911-ல் அவர் விட்ட கேள்வி: 1 கூட்டல், 2 பெருக்கல் வர்க்கமூலம் (1 கூட்டல், 3 பெருக்கல் வர்க்கமூலம் (1 கூட்டல், 4 பெருக்கல்...)) என்று முடிவில்லாமல் போய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வர்க்கமூலம். மதிப்பு என்ன? ஆறு மாதம் யாரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3. இப்படிப் பாருங்கள். 3 என்பது 9-ன் வர்க்கமூலம். 9 = 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-ன் வர்க்கமூலம். 16 = 1 + 3 × 5. அந்த 5-க்கு 25 = 1 + 4 × 6. உரித்துக்கொண்டே போகலாம், வெங்காயம் மாதிரி. இதற்கு ஒரு கல்லூரியும் வேண்டாம், ஒரு கப்பலும் வேண்டாம்.

முழுஎண்:
இப்படி உரித்துக்கொண்டே போனால் 3-ல்தான் முடியும் என்பதற்கு நிறுவல் வேண்டும், ஐயா. 3-க்குப் பதில் வேறு எண்ணை வைத்தும் இதே மாதிரி உரிக்கலாம். அந்த நிறுவல்தான் நான் இவ்வளவு நேரமாகப் பேசும் கேம்பிரிட்ஜ்.

திருவல்லிக்கேணி மாமி:
கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். 5 வரைக்கும் போட்டால் 2.755 வருகிறது. 7 வரைக்கும் போட்டால் 2.929. அதற்குள் குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது. 10 வரைக்கும் யாராவது போட்டுச் சொல்லுங்கள்.