கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை: 502 மைக்ரான் கருவிழிக்கு ஏற்றதா?

கோவைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. நான்காம் வகுப்பில், கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த தோழியின் நோட்டைப் பார்த்தே நான் எழுதுகிறேன் என்பதை ஆசிரியை கண்டுபிடித்த வாரத்திலிருந்து கண்ணாடி அணிகிறேன். இப்போது வலது கண்ணில் மைனஸ் 5.25, இடது கண்ணில் மைனஸ் 5.75, இடது கண்ணில் 0.75 சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் சீராக இல்லாததைச் சரிசெய்வது) உண்டு. இரண்டு ஆண்டுகளாகப் பவர் மாறவில்லை. வாரத்தில் மூன்று நாள் காண்டாக்ட் லென்ஸ் போடுவேன்.

கண்ணாடியோடு வாழ்வது பெருந்துன்பம் என்று சொல்ல மாட்டேன். இட்லிப் பானையைத் திறந்தால் ஆவி படியும். குளியலறையில் ஷாம்பூ எது, எண்ணெய் எது என்று புட்டியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மழையில் ஸ்கூட்டர் ஓட்டும்போதுதான் உண்மையில் அச்சமாக இருக்கிறது. ஹெல்மெட்டின் முகப்பிலும் என் கண்ணாடியிலும் நீர் கோத்துக்கொள்ள, எதிரே வரும் பேருந்தின் இரண்டு விளக்குகளும் இருபதாகச் சிதறுகின்றன.

இப்போது வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஜாதகத்துடன் அனுப்பும் படத்தில் கண்ணாடி வேண்டாம் என்கிறார் அம்மா. ‘லேசர் வைத்துவிட்டால் பத்து நிமிட வேலைதானே’ என்கிறார் அத்தை. அவர்களுக்காக அல்ல, எனக்காகத்தான் செய்துகொள்ள நினைக்கிறேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையா என்பது எனக்கே தெரியவில்லை.

குழப்பம் என்னவென்றால், இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். முதலாவது இடத்தில் முக்கால் மணி நேரம் பரிசோதித்துவிட்டு ஸ்மைல் முறையில் செய்யலாம் என்றும், மாத இறுதிக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி என்றும் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த மருத்துவர், இடது கருவிழியின் தடிமன் 502 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), கண்ணில் உலர்வும் இருக்கிறது, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு வரை லென்ஸ் அணிந்திருக்கிறீர்கள், ஆகவே லென்ஸை நிறுத்திச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். யார் சொல்வதை நம்புவது? செய்துகொண்டவர்களும், இத்துறையில் இருப்பவர்களும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மொட்டைமாடி

சகோதரிக்கு வணக்கம். மைனஸ் 4.5 இருந்த நான் 33-ஆம் வயதில் லேசிக் செய்துகொண்டேன். இப்போது வயது 42. மறுநாள் காலை மொட்டை மாடியில் நின்று, மூன்று தெரு தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்ததை வெறுங்கண்ணால் படித்த அந்த நிமிடத்தை இன்றும் மறக்கவில்லை. அதைச் சொல்லாமல் குறைகளை மட்டும் சொன்னால் நேர்மையாக இருக்காது.

குறைகளும் உண்டு. முதல் நான்கு மாதம் சொட்டு மருந்துப் புட்டி இல்லாமல் அலுவலகத்துக்குச் செல்ல முடியவில்லை. குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் பட்டால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும். கருவிழியின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய நரம்புகள் சிகிச்சையில் அறுபடுவதால் கண்ணீர் சுரக்கும் தூண்டுதல் குறைகிறது என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். இரவு நேர நெடுஞ்சாலையில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது வெகுவாகக் குறைந்ததே தவிர, முற்றிலும் போகவில்லை.

எனக்கு யாரும் அழுத்திச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். லேசர் அதைத் தடுப்பதில்லை. மைனஸ் 3 பவருடன் கண்ணாடி அணியும் என் அண்ணன் 46 வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாத்திரை அட்டையில் உள்ள காலாவதித் தேதியைப் படித்துவிடுகிறார். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இயற்கை தந்த அந்தச் சலுகையை நான் பணம் கட்டி விட்டுக்கொடுத்தேன். ஒன்பது ஆண்டு வெறுங்கண்ணோடு திரிந்தபின், இப்போது படிக்கும் கண்ணாடியைச் சட்டைப்பையில் சுமக்கிறேன். உங்களுக்கு 27 வயதுதான் என்பதால் இந்தக் கணக்கு என்னைவிட உங்களுக்குச் சாதகமானது. ஆனால் கணக்கு இருக்கிறது என்பதை அறிந்தே செய்யுங்கள்.

ஒளிவிலகல்

நான் கண் பரிசோதகராகப் பணியாற்றுகிறேன்; அறுவை செய்பவன் அல்லன். எனவே முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் 502 மைக்ரான் என்ற எண்ணை இரண்டாவது மருத்துவர் ஏன் அவ்வளவு பொருட்படுத்தினார் என்பதை விளக்க முடியும்.

லேசர் சிகிச்சையில் கருவிழியிலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்து அதன் வளைவைக் குறைக்கிறார்கள். எடுத்த திசு மீண்டும் வளராது. வழக்கமான கணக்கின்படி, 6.5 மில்லிமீட்டர் அகல வட்டத்தில் ஒரு டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) பவரைக் குறைக்க ஏறக்குறைய 14 மைக்ரான் திசு போகும். உங்கள் இடது கண்ணில் சிலிண்டரையும் சேர்த்தால் 6.5 டயாப்டர், ஆகவே 91 மைக்ரான். லேசிக் முறையில் அதற்கு மேல் ஏறத்தாழ 110 மைக்ரான் தடிமனில் ஒரு மடல் வெட்டித் தூக்குவார்கள். அது மீண்டும் மூடப்பட்டாலும் கருவிழிக்குப் பழைய வலுவைத் தருவதில்லை. இரண்டையும் கழித்தால் 301 மைக்ரான் மிஞ்சும். 250-க்குக் கீழே போகவே கூடாது என்பது பழைய விதி, 300 இருப்பது நல்லது என்பது இன்று பலரும் கடைப்பிடிக்கும் எச்சரிக்கை. மடலும் எடுத்த திசுவும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஆனால் பின்னாளில் கருவிழி பலவீனமடைந்து முன்புறம் பிதுங்கும் ஆபத்து கூடுகிறது என்பது இன்னொரு அளவுகோல். உங்கள் இடது கண் சரியாக அந்தக் கோட்டின்மேல் நிற்கிறது. இது தோராயக் கணக்குத்தான். இயந்திரத்துக்கு இயந்திரம் சில மைக்ரான் மாறும். ஆனால் கோட்டின்மேல் நிற்பவருக்கு அந்தச் சில மைக்ரான்தான் முக்கியம்.

ஸ்மைல் முறையில் மடல் இல்லை. கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லைத் துண்டை லேசரால் வரைந்து, சில மில்லிமீட்டர் துளை வழியாக உருவி எடுக்கிறார்கள். மேற்பரப்பு நரம்புகள் குறைவாக அறுபடுவதால் உலர்வு குறைவு என்பது அதன் நன்மை. ஆனால் அதே பவருக்குச் சற்றுக் கூடுதலான திசு போகிறது. எனவே ‘புதிய முறை, ஆகவே மெல்லிய கருவிழிக்கும் ஏற்றது’ என்று யாராவது சொன்னால், எத்தனை மைக்ரான் எடுப்பீர்கள், எத்தனை மிஞ்சும் என்று எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது வழி பி.ஆர்.கே. என்ற பழைய முறை. மடலும் இல்லை, வில்லையும் இல்லை. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாக லேசர் செலுத்துவார்கள். 91 மைக்ரானோடு மேல்தோலின் ஏறக்குறைய 50 மைக்ரானையும் கழித்தால், உங்கள் கண்ணில் 360 மைக்ரான் அளவுக்கு மிஞ்சும். விலை என்னவென்றால், மூன்று நான்கு நாள் நல்ல வலி, பார்வை தெளியச் சில வாரம், நீண்ட நாள் சொட்டு மருந்து, வெயிலில் குளிர்கண்ணாடி. கருவிழித் திசுவை எடுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் முறையும் உண்டு. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், ஆனால் கண்ணுக்குள் நுழையும் அறுவை அது, செலவும் கூடுதல், ஆண்டுதோறும் கண்காணிக்கவும் வேண்டும்.

இடையே ஒரு செய்தி: லேசிக்கும் பி.ஆர்.கே.யும் பயன்படுத்தும் 193 நானோமீட்டர் எக்சைமர் லேசருக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், 1981-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில், விருந்தில் மீந்த வான்கோழித் துண்டின்மேல் அந்தக் கதிரைச் செலுத்தி, சுற்றியுள்ள திசு கருகாமல் அடுக்கடுக்காகச் சீவி எடுக்க முடியும் என்று தம் சகாக்களுடன் கண்டறிந்தார். ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய கால் மைக்ரான். நாம் இங்கே மைக்ரான் கணக்குப் போட முடிவதே அதனால்தான்.

லென்ஸை நிறுத்தச் சொன்னதும் சரியே. மென்மையான லென்ஸ்கூடக் கருவிழியின் வடிவைத் தற்காலிகமாக அழுத்தி மாற்றும். ஒன்றிரண்டு வாரமாவது கழற்றி வைத்த பின்பு எடுக்கும் அளவே நம்பத்தக்கது. இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த அளவை வைத்து முன்பணம் கேட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும், கண்பாவையை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா? லேசர் உங்கள் கண்ணாடியைத்தான் அகற்றும். நீண்டுபோன விழிக்கோளம் நீண்டபடியே இருக்கும். விழித்திரை மெலிதல், ஓட்டை, பிரிதல் ஆகிய ஆபத்துகள் முன்பு இருந்த அளவிலேயே தொடரும். ‘கண் சரியாகிவிட்டது’ என்று ஆண்டுப் பரிசோதனையைக் கைவிட்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

காப்பீட்டை நம்பித் திட்டமிட வேண்டாம். 7.5 டயாப்டருக்குக் குறைந்த பவரைச் சரிசெய்யும் செலவு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஒன்று.

தடம்

கேள்வி கேட்டவருக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், படிக்கும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்குத் தயாராகும் எவரும், கண்ணாடி இருந்தால் வேலை கிடைக்காது என்று நினைத்து லேசர் செய்துகொள்ள வேண்டாம். அப்பணிக்குப் பார்வைத் திருத்த அறுவை செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள். எந்த வேலைக்கும் அறிவிக்கையில் உள்ள மருத்துவத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். என் அறைத்தோழர் படிக்காமல் செய்துகொண்டார்.

சோடாபுட்டி

பள்ளியில் வைத்த பெயரை இங்கே நானே சூட்டிக்கொண்டேன். மைனஸ் 7. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு லேசருக்குப் போய், கருவிழியின் பின்புற வளைவில் கூம்பு வடிவத்தின் தொடக்க அறிகுறி இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டேன். தூசி ஒவ்வாமையால் சிறுவயது முதல் கண்ணைக் கசக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதை அன்றோடு விடச் சொன்னார்கள். அன்று அழுதேன். அந்தச் சோதனை இல்லாமல் யாராவது எனக்கு லேசர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். ‘ஒரு மாதம் கழித்து வாருங்கள்’ என்று சொன்ன மருத்துவரை விட்டுவிடாதீர்கள்.

காத்திருக்கும் நாட்களில் கண்ணாடியையாவது ஒழுங்காகத் தேர்ந்தெடுங்கள். நம்மில் பலர் கண்ணாடியை வெறுப்பதற்குக் காரணம் கண்ணாடி அல்ல, தவறான ஃபிரேம். மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிக்கும். ஆகவே ஃபிரேம் அகலமானால் ஓரமும் பருக்கும், முகமும் உள்ளே இழுத்ததுபோல் தெரியும். கண்பாவை லென்ஸின் நடுவில் வரும்படியான சிறிய, வட்டமான ஃபிரேமில் 1.67 ஒளிவிலகல் எண் கொண்ட மெல்லிய லென்ஸ் போட்டபோது, என் பழைய கண்ணாடியில் பாதித் தடிமன்தான் இருந்தது. கடையில் நீல ஒளித் தடுப்புப் பூச்சுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். அது கண் சோர்வைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அந்தப் பணத்தை எதிரொளி தடுக்கும் பூச்சுக்குக் கொடுங்கள். மழை இரவில் நீங்கள் சொன்ன இருபது விளக்குகளில் சிலவாவது குறையும்.

காண்டாக்ட் லென்ஸ் என்றால் ஆபத்தில்லை, அறுவை என்றால் ஆபத்து என்று பிரிப்பதையும் நான் ஏற்கவில்லை. லென்ஸோடு தூங்குவதும், குழாய் நீரில் கழுவுவதும் கருவிழியில் தொற்றை உண்டாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும். படத்துக்காக லென்ஸ் போடுவது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி அணிந்த பெண்ணைப் பார்க்கவே வராதவர், கண்ணாடியைக் கழற்றிய பெண்ணை எப்படிப் பார்ப்பார் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒளிவிலகல்

முன்பு சொல்ல மறந்த ஒன்று. எந்த முறையில் செய்துகொண்டாலும், அறுவைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன் ஆகிய அச்சுத் தாள்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். முப்பது ஆண்டு கழித்துக் கண்புரை அறுவை செய்யும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அவை உதவும். லேசர் செய்த கண்ணுக்கு வழக்கமான கணக்கு பிசகும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் இச்சிகிச்சை செய்வதில்லை என்பதையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவைவாசி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், அனைவருக்கும் நன்றி. லென்ஸை முழுவதும் நிறுத்திவிட்டு நேற்று மறுபரிசோதனைக்குச் சென்றேன். உலர்வு குறைந்திருக்கிறது. இடது கருவிழி இப்போது 504. பின்புற வளைவில் குறை எதுவும் இல்லை என்றார்கள். சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்தபோது இடது கண்ணின் ஓரத்தில் ஓரிடம் மெலிந்திருப்பது தெரிந்தது. சிகிச்சை தேவையில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். முதல் மருத்துவமனையில் அந்தச் சொட்டையே விடவில்லை.

மைக்ரான் கணக்கைக் கேட்டவுடன் மருத்துவர் சிரித்துவிட்டு, தாளில் எழுதியே காட்டினார். லேசிக்கும் ஸ்மைலும் இடது கண்ணுக்குத் தாம் செய்ய மாட்டார் என்றும், பி.ஆர்.கே. செய்யலாம், அவசரம் ஏதுமில்லை என்றும் சொன்னார். பத்து நாள் விடுப்பு ஒரே தொகுப்பாகக் கிடைக்கும்போது செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறேன். பத்து நிமிட வேலைக்கு எதற்குப் பத்து நாள் விடுப்பு என்று அத்தை கேட்கிறார்.

இதற்கிடையே புதிய ஃபிரேம் வாங்கி, அதை அணிந்தபடியே படம் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார். அச்சுத் தாள்களை முதல் மருத்துவமனையிலும் இரண்டு முறை கேட்டு வாங்கிவிட்டேன். வீட்டில் எதுவும் தொலையாத ஒரே இடம் என்பதால், ஜாதகம் இருக்கும் கோப்பிலேயே அவற்றையும் வைத்திருக்கிறேன்.