இரண்டாமாண்டு வேதியியல் மாணவர்களை ஆய்வில் இறக்க வழி உண்டா?

வேளச்சேரி ஆசிரியை:
வணக்கம். இளநிலை இரண்டாமாண்டில் 38 பேருக்கு வேதியியல் எடுக்கிறேன். ஆண்டுதோறும் அதே உப்புப் பகுப்பாய்வு. குப்பியில் இருப்பது எனக்கும் தெரியும், சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்த மாணவர்களுக்கும் தெரியும். விடை தெரியாத ஒரு கேள்வியை அவர்களிடம் கொடுத்துப் பார்க்க ஆசை. வேளச்சேரி ஏரி நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கலாமா? கருவி வாங்கப் பணமில்லை. முடிவுகளை வெளியிட ஓர் இதழைக் கேட்டேன். பணம் கட்டினால் மூன்றே நாளில் போடுவதாகச் சொல்கிறார்கள்.

தாம்பரத்துக்காரர்:
அம்மா, அந்த இதழை விட்டுவிடுங்கள். மூன்று நாளில் யார் படித்துத் திருத்தியிருப்பார்கள்?

கருவியும் வேண்டாம், நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள்களைக் கொண்டே அளக்கும் விங்க்ளர் முறை போதும். காற்றுக் குமிழி இல்லாமல் குப்பியை நிரப்பி, மாங்கனஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்துவிடுங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் பிடிபட்டுவிட்டது. அமிலம் சேர்த்துத் தயோசல்பேட்டால் டைட்ரேஷன் செய்வதை (சொட்டுச் சொட்டாக விட்டு அளவிடுவதை) கல்லூரியில் வைத்துக்கொள்ளலாம்.

நான் இதைத் தொடங்கிய ஆண்டில், ஒரே குளத்து நீருக்கு இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்களைக் கொண்டுவந்தன. அளவெடுக்கத் தெரியவில்லை என்று கடிந்துகொண்டேன். ஒரு மாணவி மட்டும் நோட்டில் நேரத்தைக் குறித்திருந்தாள்: காலை 6.10. மற்ற குழு போனது பிற்பகல் 3 மணிக்கு. பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை ஏற்றுகிறது. இரவு முழுவதும் நீரிலுள்ள உயிர்கள் அதைச் சுவாசித்துக் குறைக்கின்றன. பாடநூலில் உள்ள செய்திதான், ஆனால் அவள் தன் நோட்டிலிருந்தே அதைக் கண்டுபிடித்தாள். வகுப்பிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் விடியற்காலையில் இருபது பேர் கரையில் நின்றார்கள். அதற்கு வருகைப் பதிவு கிடையாது.

இயற்பியல் ஆசிரியர், திருவல்லிக்கேணி:
நம் மாநிலக் கல்லூரியில் படித்தபோதுதான் சி.வி.ராமன், பட்டகத்தின் முகத்தில் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளியில் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளை (ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் தோன்றும் பட்டைகளை) கவனித்தார். 1906-ல் அது ‘பிலசாஃபிகல் மேகசின்’ என்ற அறிவியல் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. அவர் பார்த்தது கல்லூரி ஆய்வகத்துப் பட்டகம்தான். உங்கள் மாணவர்கள் எழுதியதை முதலில் துறையின் கையெழுத்து இதழில் போடுங்கள். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்தட்டும். தேறியதை ‘ரெசொனன்ஸ்’ இதழுக்கு அனுப்பிப் பாருங்கள். 1996 முதல் வரும் அந்த இதழ் கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்தே நடக்கிறது.

பெருங்குடி ஆய்வகர்:
கழிவுநீர் கலந்த நீரென்றால் நைட்ரைட் குறுக்கிட்டு அளவைக் கெடுக்கும். அயோடைடு கரைசலில் சோடியம் அசைடு சேர்க்க வேண்டும். அது கொடிய நஞ்சு. மாணவர் கையில் தராமல் நீங்களே கலந்துவையுங்கள்.

வேளச்சேரி ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. முதல்வர் ஒப்புக்கொண்டார். வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்கு ஒரு குழு, பிற்பகல் 3 மணிக்கு இன்னொன்று. காரணத்தை இரு குழுவுக்கும் சொல்லப்போவதில்லை.